தாத்தாவைக் கேட்ட சட்டங்கள்

"சட்டம் எல்லார்க்கும் பொது, ஆகவே சட்டத்தில் இனவெறிக்கு இடமில்லை." இவ்வாண்டு நம் பள்ளி இலக்கிய மன்றத்தில் சொற்போருக்குத் தரப்பட்ட தலைப்பு இது. ஒட்டிப் பேசியவர்கள் மூவர், வெட்டிப் பேசியவர்கள் மூவர். வெட்டிப் பேசியவர்களுள் நானும் ஒருத்தி. ஆளுக்கு நான்கு நிமிடம் என்றார்கள். நான் இலங்கையைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு என்று தமிழாசிரியை சொன்னார்கள். எழுதுகிறேன்.

ஒட்டிப் பேசிய தோழியரின் வாதம் வலிமையானதுதான். அதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சியில் நிறத்தின் பெயரைச் சொல்லியே சட்டம் எழுதினார்கள். ஹிட்லரின் ஜெர்மனியில் 1935-ல் நூரெம்பர்க் சட்டங்கள் யூதரைப் பெயர் சொல்லி ஒதுக்கின. அவையே இனவெறிச் சட்டங்கள். ஒரு சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, எல்லார்க்கும் ஒரே நிபந்தனை என்றால், அதை இனவெறிச் சட்டம் என்று எப்படிச் சொல்வது? சட்டத்தைக் கையாளும் மனிதன் கெட்டவனாக இருக்கலாம், அதற்குச் சட்டம் என்ன செய்யும்? இப்படிக் கேட்டார்கள். அவையும் கைதட்டியது.

என் விடை ஒன்றுதான். சட்டத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதாது. அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெயரைச் சொல்லாமலே ஆளைக் குறி பார்க்க முடியும். அதற்கு உலகம் கண்டுபிடித்த மிக எளிய வழி, "உன் தாத்தா யார்?" என்று கேட்பது.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், 1870-ல் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம் வந்தது. நிறத்தையோ இனத்தையோ காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது அது. இனி "கறுப்பருக்கு வாக்கில்லை" என்று எழுத முடியாது. எனவே தென் மாநிலங்கள் வேறு வகையில் எழுதின. வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு தேற வேண்டும், அல்லது சொத்து இருக்க வேண்டும் என்றன. ஆனால் ஏழை வெள்ளையரிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தனரே, அவர்களை என்ன செய்வது? லூசியானா மாநிலம் 1898-ல் வழி கண்டது. 1867-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவரும், அவருடைய மகனும், பேரனும் இத்தேர்வு எழுத வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்தது. அந்த நாளில் அங்கே கறுப்பர் எவருக்கும் வாக்கில்லை. பெரும்பாலோரின் தாத்தா அடிமை. சட்டத்தில் கறுப்பு என்ற சொல் கிடையாது. ஆனால் 1896-ல் 1,30,334 ஆக இருந்த கறுப்பு வாக்காளர் தொகை, 1904-ல் 1,342 ஆயிற்று. இதைத் "தாத்தா விதி" என்றே அந்நாட்டார் அழைத்தார்கள்.

ஓக்லஹோமா மாநிலத்தின் இதே போன்ற விதி 1915-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதிகள் தேதியைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், செல்லாது என்றார்கள். மாநிலங்கள் உடனே வேறு தந்திரங்களுக்குத் தாவின. 1965-ல் செல்மா நகரப் பாலத்தில் தடியடி பட்ட பிறகே வாக்குரிமைச் சட்டம் வந்தது என்பது நம் வரலாற்று வகுப்பில் கேட்ட கதை. அது நிற்க.

அமெரிக்கா தொலைவில் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாட்டைப் பார்ப்போம்.

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் நம் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஏழை மக்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். கங்காணிகள் கூட்டிப் போனார்கள்; ஆங்கிலேயத் துரைகள் லயங்களில் அடைத்து வைத்தார்கள். நூறாண்டுக்கு மேல் அங்கே பிறந்து அங்கேயே மடிந்தார்கள். 1931-ல் இலங்கையில் எல்லா வயது வந்தோருக்கும் வாக்குரிமை வந்தபோது, சில கட்டுப்பாடுகளோடு என்றாலும், அவர்களுக்கும் கிடைத்தது. 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. வேறு பல தொகுதிகளில் அவர்கள் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று.

இவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

1948 பிப்ரவரி 4-ல் இலங்கை விடுதலை அடைந்தது. அவ்வாண்டே டி.எஸ். சேனநாயக்கா அரசு 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. தோழியரே, அந்தச் சட்டத்தில் "தமிழர்" என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. அது கேட்டது இதுதான்: நீ இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, உன் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தையின் தந்தையும், அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சிங்களர்க்கும் இதே விதி, தமிழர்க்கும் இதே விதி. எல்லார்க்கும் பொது! ஆனால் ஒரு கண்டிச் சிங்கள விவசாயியிடம் வந்து "உன் பாட்டனார் எங்கே பிறந்தார், சான்று காட்டு" என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவன் பெயரும் மொழியுமே சான்று. லயத்துத் தமிழனிடம்தான் காகிதம் கேட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். தெருவே அவரை "ஹட்டன் பாட்டி" என்றுதான் கூப்பிடும். எழுபதுகளில் கண்டியில் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, எங்கெங்கோ அலைந்து கடைசியில் இராயபுரம் வந்து சேர்ந்தவர். மலையில் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு, இங்கே காசிமேட்டில் மீன் கூடை சுமந்தது. அவரிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "எங்க தாத்தா எத்தன ராத்தல் கொழுந்து எடுத்தாருன்னு தொரைகிட்ட கணக்கு இருந்துச்சு கண்ணு. அவரு எங்க பொறந்தாருன்னு யாரும் எழுதி வைக்கல" என்றார். சட்ட நூல்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதைப் பாட்டி இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பாட்டியின் தந்தை 1947 தேர்தலில் வாக்களித்தவர். அதன்பிறகு சாகும்வரை அவர் வாக்களிக்கவே இல்லை.

ஏனெனில் 1949-ல் இன்னொரு சட்டம் வந்தது: குடிமக்கள் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இருக்கலாம். இதுவும் நியாயமாகத்தான் ஒலிக்கிறது, இல்லையா? எந்த நாட்டில் குடிமகன் அல்லாதவன் வாக்களிக்கிறான்? முதல் சட்டம் குடியுரிமையை எடுத்தது, இரண்டாம் சட்டம் குடியுரிமை இல்லாதவனின் வாக்கை எடுத்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஒழுங்கு. சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ ஏழு லட்சம் பேருக்கு மேல் நாடற்றவர் ஆனார்கள். இடையில் 1949-லேயே இன்னொரு சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று கதவைச் சற்றே திறந்தது. இத்தனை ஆண்டு இடைவிடாது வசித்ததற்குச் சான்று வேண்டும். ஊருக்கு ஒரு முறை போய் வந்தாலும் சந்தேகம். எட்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை.

இதில் நான் மிக வியந்த ஒன்று உண்டு. தொகுதிகளைப் பிரிக்கும்போது வாக்காளர்களை எண்ணவில்லை. மக்கள் தொகையை எண்ணினார்கள். மலைநாட்டுத் தமிழரின் தலைகள் தொகுதிக் கணக்கில் சேர்ந்தன. வாக்குப் பெட்டியில் சேரவில்லை. அவர்கள் தொகையைக் காட்டி மலைநாட்டில் இடங்கள் கிடைத்தன; அந்த இடங்களைச் சிங்கள வாக்காளர்கள் நிரப்பினார்கள். 1787-ல் அமெரிக்கர் தங்கள் அரசியல் சட்டத்தை எழுதியபோது அடிமை ஒருவனை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டு, அவனை ஆளும் எசமானருக்கு அதிக இடம் கொடுத்தார்கள் அல்லவா? இலங்கையில் ஐந்தில் ஐந்தும் எண்ணினார்கள், அவ்வளவே வேறுபாடு.

நீதிமன்றம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். இலங்கையின் அன்றைய அரசியல் சட்டத்தில் 29-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்தவொரு சமூகத்தார்க்கும் மட்டும் குறை உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்பது அதன் பொருள். சிறுபான்மையோருக்குக் கவசமாகவே அதை வைத்தார்கள். தோட்டத் தமிழர் ஒருவர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி வழக்கு நடந்தது. 1951-ல் இலங்கை உச்ச நீதிமன்றமும், 1953-ல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் சட்டம் செல்லும் என்றன. யார் தன் குடிமகன் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்பது அவர்கள் கண்ட முடிவு. வாஷிங்டனில் 1915-ல் நீதிபதிகள் தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இலண்டனில் 1953-ல் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டிப் பேசிய தோழியர் "நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட சட்டம்" என்று சொல்லக்கூடும். இரண்டு நீதிமன்றங்களில் எது சரியாகப் படித்தது என்று நான் அவர்களையே கேட்கிறேன்.

இன்னொரு மறுப்பும் எழும். "அது இனவெறி அன்று, அரசியல். தோட்டத் தொழிலாளர் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள், அதனால் நீக்கினார்கள்" என்பர் சிலர். இருக்கலாம், அதுவும் ஒரு காரணமே. ஆனால் இடதுசாரிகளுக்கு வாக்களித்த சிங்களத் தொழிலாளியின் பாட்டனாரை யாரும் தேடவில்லையே! தமிழர் தலைவர்களும் இதில் ஒரே நிலையில் நிற்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சரானார். அவரைப் பிரிந்து வந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று மலையகத் தமிழனின் வாக்கைப் பறித்தவர்கள் நாளை நம்மிடமும் வருவார்கள் என்ற அவருடைய அச்சம் வீணாகவில்லை.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974-ல் அந்த மீதியையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். சொத்துப் பிரிக்கும் பங்காளிகள்கூட மாட்டைக் கேட்பதில்லை. இவர்கள் மனிதரையும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. வந்தவர்களுக்காக நீலகிரியில் அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது உண்மை. அதில் இடம் கிடைக்காதவர்கள் ஹட்டன் பாட்டியைப் போல எங்கெங்கோ சிதறினார்கள். மிஞ்சியிருந்த நாடற்றவர்க்கு இலங்கை குடியுரிமை கொடுத்து முடித்தது 2003-ல். ஐம்பத்தைந்து ஆண்டு!

வட சென்னைக்காரர்களுக்கு இது புதிதன்று. பர்மா பஜாரில் கடை போட்டவர்கள் யார்? 1962-ல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்து, கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, நம் துறைமுகத்தில் வெறுங்கையோடு வந்து இறங்கிய தமிழர்கள்தாம். கடற்கரை நிலையத்தருகே நாம் ஆசையாக வாங்கித் தின்னும் அத்தோ அவர்கள் கொண்டு வந்தது. பர்மா 1982-ல் எழுதிய குடியுரிமைச் சட்டமும் முன்னோரைத்தான் கேட்டது: 1823-க்கு முன்பே அங்கே குடியிருந்த இனத்தாரா நீ என்று. ஏன் 1823? அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் போர் தொடங்கினார்கள். அவர்களோடு வந்தவன் எவனும் உரிமை கோரக் கூடாது என்பது கருத்து. உரோகிங்கியா மக்கள் இன்று நாடின்றி அலைவதற்கு அதுவே வேர்.

இனிக் காவல்துறைக்கு வருகிறேன். வாக்கு போனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. சிங்களம் தெரியாதவனுக்கு அரசு வேலை அரிதாயிற்று. காவல்துறையில் தமிழர் தேய்ந்து போனார்கள். தமிழ்ப் பகுதிகளில் தமிழ் அறியாத காவலர் நின்றார்கள். 1981 மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் நடந்த வெறியாட்டத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்தது. அதில் காவலர்க்கே பங்கிருந்தது. 1983 சூலையில் வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் பூட்டுக்கு உள்ளே, இரண்டு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

இவற்றைக் கலவரம், வெறி என்று சொல்லித் தோழியர் தள்ளிவிடலாம். ஆகவே சட்டத்தையே காட்டுகிறேன். 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் குற்றம் சாட்டாமலே ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை அடைத்து வைக்க இடம் கொடுத்தது. அது 2022-ல்தான் பன்னிரண்டு மாதம் ஆயிற்று. உதவிக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியாகும் என்றது. இரவில், பூட்டிய அறையில், அடிக்குப் பயந்து சொன்ன சொல்லும் வாக்குமூலம்தானே? இச்சட்டத்திலும் தமிழர் என்ற பெயர் கிடையாது. ஆனால் முப்பது ஆண்டு அது யாரைப் பிடித்தது என்று எல்லார்க்கும் தெரியும்.

பெயர் எழுதாத சட்டத்துக்கு ஒரு வசதி, இலக்கை மாற்றிக்கொள்ளலாம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், விடுதிகளிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்று நம் பங்கு ஆலயத்திலும் அழாதவர் இல்லை. செவ்வாய்தோறும் அந்தோனியாரிடம் போகும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரவு முழுதும் செபமாலை சொன்னார்கள். குற்றவாளியைத் தேடுவது நீதி. ஆனால் அதன்பின் அதே சட்டம் முஸ்லிம்கள் மேல் திரும்பிற்று. அஹ்னாஃப் ஜசீம் என்ற இளம் ஆசிரியர் தமிழில் எழுதிய கவிதை நூலைத் தீவிரவாதம் என்று சொல்லி 2020 மே மாதம் பிடித்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது 2023 டிசம்பரில். தமிழ்க் கவிதையைத் தமிழ் தெரிந்த நாலு பேர் நேர்மையாகப் படித்திருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். நம் ஆலயத்தில் மாண்டவர்களுக்காக அழும் உரிமை நமக்கு உண்டு. அந்த அழுகையைக் காரணம் காட்டி இதைச் சரி என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

"இலங்கையை இவ்வளவு சொல்கிறாயே, நம் நாடு யோக்கியமா?" என்று அவையில் ஒருவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1871-ல் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தார்கள். சென்னை மாகாணத்தில் அது 1911-ல் வந்தது. பிறந்த குழந்தையே குற்றவாளி. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆள் காட்ட வேண்டும். மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் ரேகை பதிய மறுத்த மக்கள்மேல் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அச்சட்டம் சென்னையில் 1947-லும், நாடு முழுதும் 1952-லும் ஒழிந்தது. சாதிப் பெயரோடு இருந்த சட்டம் போய், "வழக்கமான குற்றவாளி" என்று சாதிப் பெயரில்லாத சட்டங்கள் வந்தன. பெயர் போயிற்று, பார்வை போகவில்லை. 2024 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் சிறை விதிகளைப் புரட்டிப் பார்த்தபோது, இன்ன சாதிக் கைதி துப்புரவு செய்ய வேண்டும் என்றும், அந்தப் பழங்குடியார் பிறவியிலேயே குற்றவாளிகள் என்ற நினைப்போடும் எழுதிய விதிகள் அதுவரை உயிரோடு இருந்ததைக் கண்டது, செல்லாது என்றது. விடுதலைக்கு எழுபத்தேழு ஆண்டு கழித்து! சாதியும் இனமும் ஒன்றல்ல என்று பெரியவர்கள் வாதாடுவதுண்டு. ஆளைப் பார்க்காமல் பிறப்பைப் பார்க்கிற கண் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் இரவு வேலை முடிந்து வண்டியில் வரும்போது, நகரின் தென்பகுதியில் ஒரு சோதனையில் நிறுத்தினார்கள். உரிமம் சரி, தலைக்கவசம் சரி. "எந்த ஏரியா?" என்றார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் இருக்கையைத் திறக்கச் சொன்னார்கள், கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்கள், அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். பின்னால் வந்த பையனை உரிமத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பினார்கள். வட சென்னை என்றாலே கத்தி என்று சினிமா எடுப்பவர்களுக்கு நன்றி. ஊர்ப் பெயர் ஓர் இனம் அன்று. இதை இலங்கையோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் அந்தச் சோதனைக்கும் விதி பொதுவாகத்தான் இருந்திருக்கும்.

நம் நாட்டின் குடியுரிமைச் சட்டத்தையும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். 1955-ல் எழுதியது பெருந்தன்மையான சட்டம். இந்தியாவில் பிறந்தவர் இந்தியர். தந்தை யார், தாத்தா யார் என்ற கேள்வியே இல்லை. பின்னர் திருத்தினார்கள். 1987 சூலை முதல் நாள் தொடங்கி, இங்கே பிறந்தால் போதாது, பெற்றோரில் ஒருவர் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது என்றும் ஆயிற்று. எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. பொதுவான விதி.

அது விழும் இடங்களில் ஒன்று நம் பள்ளியிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் இருக்கிறது. புழல் காவாங்கரையிலும், கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021-ல் அவற்றுக்கு "மறுவாழ்வு முகாம்" என்று அரசு நல்ல பெயர் வைத்தது. அரிசியும் உதவித்தொகையும் பள்ளிக்கூடமும் கொடுக்கிறது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் 1983-க்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் நம்மைப் போலவே தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து, நம்மைப் போலவே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள்; பதினெட்டு வயது ஆகும்போது நமக்கு வாக்காளர் அட்டை வரும், அவர்களில் பலருக்கு வராது. முகாம்களில் இருப்போரில் மலைநாட்டுத் தமிழரும் உண்டு. அதாவது 1948-ல் "நீ இந்தியன்" என்று இலங்கை சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களை இங்கே "நீ இலங்கையன்" என்கிறார்கள். திருச்சிப் பக்கத்து முகாம்களைச் சேர்ந்த இவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 சூன் 17-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவர்களை வெறும் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருத முடியாது, குடியுரிமை விண்ணப்பத்தை மத்திய அரசு ஆராய வேண்டும் என்றது.

மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் பெண்மணி ஒருவர் 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார். முகாமிலிருந்து வாக்களித்த முதல் ஆள் அவர் என்று செய்தித்தாள்கள் படத்தோடு போட்டன. நீதிமன்றம் வரை போராடித்தான் அவர் கடவுச்சீட்டும் வாக்காளர் அட்டையும் பெற்றார். அவர் பிறந்த ஆண்டு 1986. அதே முகாமில் இரண்டாண்டு கழித்து ஒரு தங்கை அதே தாய்தந்தைக்குப் பிறந்திருந்தால், அவளுக்கு அந்த உரிமை இல்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி